வாரத்துக்கு விட்ட அந்தூரியம்

இலங்கைக்குச் செடி வாங்கப் போகிறேன் என்று கோத்தகிரியில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தெரிந்தவர்கள் எல்லாம் சோப்பும் மாசிக்கருவாடும் கேட்டார்கள். ராசம்மாக்கா மட்டும் தன் செடியை வசூல் செய்துவரச் சொன்னார்.

ராசம்மாக்கா என் நர்சரியில் பதியன் போடுகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இரத்தினபுரிப் பக்கம், நிவித்திகலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் பெயர் வந்ததும் புருஷனோடு ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர். அங்கே துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் அவருக்கு வேலை. ஒருநாள் துரையின் பெண்சாதி ஓர் அந்தூரியக் கன்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாராம். பூ நாவல்பழ நிறம். கப்பலேறும் முன் அதைத் தன் நாத்தனார் வள்ளியம்மையிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"விட்டுட்டுத்தானே வந்தீங்க? அப்புறம் என்ன வசூல்?" என்றேன்.

"சும்மா விடலம்மா. வாரத்துக்கு விட்டேன்."

மாட்டை வாரத்துக்கு விடுவது எனக்குத் தெரியும். என் பசுவை உங்கள் வீட்டில் வளர்க்கக் கொடுப்பேன். பால் உங்களுக்கு. பிறக்கிற கன்றுகளில் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. தாய்மாடு எப்போதும் எனக்கே சொந்தம். தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் இப்படி மாடு கைமாறும் என்று ராசம்மாக்காவே கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். பூச்செடியை வாரத்துக்கு விட்ட கதையை மட்டும் அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு செத்தப்ப அவளுக்குக் கடுதாசி போட்டேன். கூடப் பொறந்த அண்ணன். ஒரு வரி பதில் போடல. அவ உறவே எனக்கு வேணாம். என் தாய்ச்செடிய மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. வந்தா உங்ககிட்டயே வாரத்துக்கு விடுறேன்."

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நாவல்பழ நிற அந்தூரியத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நீலகிரிக் குளிருக்கு அந்தூரியம் ஆகாதுதான். ஆனால் என்னிடம் பாலிதீன் கொட்டகை இருக்கிறது. தாய்ச்செடி அவருக்கு, பாதிக் கன்றுகள் எனக்கு என்று மனசுக்குள் பங்கு பிரித்தபடியேதான் விமானம் ஏறினேன்.

அங்கே சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. கொழும்பில் வாடகை வேன் ஓட்டிவந்த சுனிலுக்குத் தமிழ் பாதி தெரியும். மீதியைக் கையாலும் தலையாலும் பேசுவார். புத்தர் பிறந்த வெசாக் பண்டிகை நெருங்கிவிட்டதால் ரோட்டோரமெல்லாம் காகித விளக்குக் கூடுகள் தொங்கின. அவிசாவளை தாண்டி ஒரு வளைவில் சில இளைஞர்கள் சிவப்புத் துணியை ஆட்டி வண்டியை மறித்தார்கள். செக்போஸ்ட் என்று பதறிப்போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். வாங்க வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் இன்னொரு கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கையும் தேங்காய்ச் சம்பலையும் வைத்தார்.

அதற்குப் பெயர் தன்சல். வெசாக் காலத்தில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி இலவசமாக ஊட்டி அனுப்புவார்கள். வேண்டாம் என்றால் புண்ணியத்தைத் தடுத்த பாவம் நமக்கு வரும் என்று சுனில் பயமுறுத்தினார். கிழங்கு தின்ற கை காய்வதற்குள் அடுத்த தன்சலில் வில்வப்பூ கொதிக்கவைத்த கஷாயம். எங்கள் ஊரில் வில்வம் சிவனுக்கு. இங்கே அதன் பூவைக் கருப்பட்டியோடு மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். அதற்கடுத்து ஐஸ்கிரீம். இரத்தினபுரி போய்ச் சேர்ந்தபோது மூச்சுவிட முடியவில்லை. இராச்சாப்பாடு வேண்டாம் என்றதும் தங்குவிடுதிக்கார அம்மாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

மறுநாள் கலவானை. அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். இங்கே தேயிலைக்குப் பக்கத்திலேயே தென்னையும் கமுகும் ரப்பரும் நிற்கின்றன, புழுக்கத்தில் நெற்றி வியர்வை கண்ணில் இறங்குகிறது. வயலுக்கு நடுவே ஓலைக்குடில் போட்டு, கீழே குழி தோண்டி மாணிக்கம் தேடுகிறார்கள். வயலில் நெல்லும் விளைகிறது, கல்லும் விளைகிறது. கொடுத்துவைத்த மண்.

கலவானைக்கு அப்பால் செடிப்பண்ணை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர். அவரிடம் செடி வாங்குவதற்குப் பெண் கேட்டுப் போகலாம். எந்த ஊர், எவ்வளவு மழை, பனி விழுமா, தண்ணீர் ஊற்றுவது யார் என்று துளைத்தெடுத்தார். சுனில் மொழிபெயர்த்தார். இலையில் வரியோடும் ஓர் அலங்கார வாழையின் மேல் கை வைத்தேன். டீச்சர் என் கையை எடுத்துவிட்டார்.

"குளிர்ல இது செத்துப்போகும், குடுக்க மாட்டாங்களாம் மேடம்" என்றார் சுனில்.

"எங்கிட்ட கொட்டகை இருக்குன்னு சொல்லுங்க."

சொன்னார். டீச்சர் ஏதோ நீளமாகப் பேசினார்.

"கொட்டகையும் குளிருமாம்."

கடைசியில் பெரணி வகைகளில் ஒரு கூடையும், இலையழகுக்கு வளர்க்கும் சேம்பு வகைகளில் ஒரு கூடையும் தந்தார். அதுவும் நான் வேரை மண்போகக் கழுவி, தென்னை நாரில் சுற்றத் தெரிந்தவள் என்று செய்துகாட்டிய பிறகு. நாவல்பழ நிற அந்தூரியம் பற்றிக் கேட்டேன். டீச்சரின் முகம் மாறியது. அது பழைய பங்களாக்களில் இருந்த சாதி, இப்போது எந்தப் பண்ணையிலும் இல்லை, எங்காவது பார்த்தால் தனக்கும் ஒரு கன்று வேண்டும் என்றார். என் ஆசை ஒன்றுக்குப் பத்தானது.

அன்று மாலை விடுதிக் குளியலறையில் மிச்சச் செடிகளின் வேரைக் கழுவினேன். வெளிநாட்டு மண்ணை நம் ஊருக்குள் விடமாட்டார்கள். நமக்கும் அது நல்லதுதான். கழுவிய மண் குழாயை அடைத்து, தண்ணீர் கூடத்துக்கு வந்து, விடுதிக்கார அம்மாளின் கம்பளத்தை நனைத்துவிட்டது. முந்தைய நாள் சாப்பிடாததற்கும் சேர்த்துத் திட்டினார். சிங்களத்தில் திட்டியதால் தலையை ஆட்டிக்கொண்டே நிற்க வசதியாக இருந்தது.

வெசாக் அன்று தோட்டத்துக்குப் போனோம். வேலை இல்லாத நாள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று சுனில்தான் யோசனை சொன்னார். தொழிற்சாலை வரை ரோடு ரோடாக இருந்தது. அதற்கு மேல் கல்லும் பள்ளமும். ஒரு மேட்டில் வேன் உறுமி உறுமிப் பின்னால் சரிந்தது. சுனில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, "நடப்போம் மேடம்" என்றார். மழை பெய்து விட்டிருந்த புல். அட்டைகளுக்கும் அன்று தன்சல்தான். மேல் டிவிஷன் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் காலில் இரண்டு கோடு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த நெடிய பெண்மணி முதலில் என் காலைத்தான் பார்த்தார். கையிலிருந்த சோப்பை அப்படியே காலில் தேய்த்தார். அட்டைகள் பொத்பொத்தென்று விழுந்தன. அதற்குப் பிறகுதான் யார், என்ன என்று கேட்டார்.

"வள்ளியம்மைங்கிறவங்கள பார்க்கணும்."

"நாந்தான். சொல்லுங்க."

"கோத்தகிரியிலிருந்து வர்றேன். ராசம்மாக்கா அனுப்பினாங்க."

சோப்பு போட்ட கையோடு அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மதினி சொகமா இருக்காங்களா?" என்றார்.

"நல்லா இருக்காங்க."

"முட்டுவலி?"

"அது இருக்கு."

"அது இங்கயே இருந்திச்சி" என்று எழுந்தார்.

தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வந்தன. காரம் காதுவழியாக வந்தது. பிளேன்டீயும் கையில் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். நான் அதைத் தேநீரில் போட்டுக் கலக்கியதைப் பார்த்து, அவரும் சுனிலும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். சுனிலை அவர் அதற்குள் 'மல்லி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். சிங்களத்தில் அது தம்பி. ஒரு ரொட்டி நேரத்தில் என் டிரைவர் அவர் கட்சிக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். அந்தூரியம் ஒன்று இருக்கிறதாமே என்றேன். உயிரோடு இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவர் லயத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

கூரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்குத் தள்ளி, பலா மரத்து நிழலில், பாதியாக வெட்டிய தார் பீப்பாய் ஒன்று. அதற்குள்ளிருந்து என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு புதர். கன்றின்மேல் கன்று ஏறி, பழைய தண்டுகள் பாம்புபோல வளைந்து வெளியே தொங்கி, எது தாய் எது பிள்ளை என்று தெரியாத நெருக்கடி. அதற்கு நடுவே பூக்கள். ராசம்மாக்கா பொய் சொல்லவில்லை. அசல் நாவல்பழ நிறம். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன் என்று சுனில் பிறகு சொன்னார்.

கொஞ்சம் தெளிந்ததும் எனக்குள் இருந்த நர்சரிக்காரி விழித்துக்கொண்டாள். இப்படியா ஒரு செடியை வைத்திருப்பது? எத்தனையோ வருஷத்துக்கு முன்பே பிரித்திருக்க வேண்டும். வேர் ஒன்றையொன்று நெரிக்கிறது. பாதி இலை வெயில் காணாமல் மஞ்சளாகிவிட்டது.

"ஏங்க, ஒரு தடவைகூடப் பிரிக்கலையா?"

"எப்பிடிப் பிரிக்கிறது?" என்றார், நான் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "சட்டியில வச்சேன், பத்தல. வாளிக்கு மாத்துனேன், அதுவும் பத்தல. அப்புறம்தான் பீப்பா. கீழ் டிவிஷன்ல எல்லாம் கேட்டாங்க. பேக்டரி டீமேக்கர் சம்சாரம் கேட்டாங்க. ஒரு கன்னு குடுத்ததில்ல."

"உங்க பங்கைக்கூட எடுக்கலையா?"

"விட்டவங்க இல்லாம எது எம் பங்குன்னு நானா சொல்லிக்கிறதா?"

அப்பாடா, விவரமான ஆள், நேர்மையான ஆள், வேலை சுலபம் என்று நினைத்தேன். ராசம்மாக்கா தாய்ச்செடியைக் கேட்டு அனுப்பியிருக்கிறார், இப்போதே பிரித்துவிடலாம், உங்கள் பங்கை அழகாக நட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறேன், கொஞ்ச நேர வேலைதான் என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து கத்தியை எடுத்தேன்.

"கத்திய உள்ள வைங்கம்மா" என்றார் வள்ளியம்மை.

குரலை உயர்த்தவில்லை. நான்தான் உயர்த்தினேன். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறேன், செடி அவருடையது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், பிறகு என்ன என்று கேட்டேன்.

"செடி மதினியோடதுதான். யாரு இல்லேன்னா? அவங்களே வந்து பிரிக்கட்டும். மாட்டு வாரம் பிரிக்கிறப்ப ரெண்டு வீட்டு ஆளும் நிக்கணும். விட்டவங்க வரணும், வளத்தவங்க வீட்டுல கை நனைக்கணும், அப்புறந்தான் கயித்தத் தொடணும். ஆள் அனுப்பி ஓட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு வேற."

"இது மாடு இல்லைங்க. செடி."

"வாரம்னு சொன்னது நானா? அவங்கதானே சொன்னாங்க."

துணைக்குச் சுனிலைப் பார்த்தேன். அவர் பலா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எனக்குத் தலைக்கேறியது. ராசம்மாக்கா சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன். அண்ணன் செத்ததற்கு ஒரு வரி எழுதாத நீங்கள் முறை பேசலாமா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் முகம் சுருங்கிப்போனது. பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணன் போயிட்டாங்கன்னு ஒரு தாள்ல வந்திச்சி. அத வேற ஆளு படிச்சிக் காட்டித்தான் எனக்குத் தெரியும். பதிலுக்கு நானும் வேற ஆள வச்சி ஒரு தாள்ல எழுதணுமா? என்னன்னு எழுதச் சொல்றது? கட்டிப் புடிச்சி அழ வேண்டிய சாவும்மா அது. மதினி மடியில விழுந்து அழணும். அத எழுதிப் போட முடியுமா?"

மூக்கைச் சிந்திவிட்டு, மஞ்சளாகிப்போன ஓர் இலையைக் கிள்ளி எறிந்தார்.

"கப்பலுக்குப் போறப்ப எல்லாருக்கும் எல்லாம் குடுத்தாங்க. அம்மிக்கல்லு, ஆட்டுக்குட்டி, பித்தளைக் கொடம், எல்லாம் தானமா. எனக்கு மட்டும் வாரம்னு சொன்னாங்க. அப்ப நெனச்சிக்கிட்டேன், மதினி திரும்பி வருவாங்கன்னு. இன்னைக்கு நீங்க பிரிச்சி எடுத்துட்டுப் போயிட்டா முடிஞ்சிரும். அப்புறம் அவங்களுக்கு இங்க வர்றதுக்கு என்ன இருக்கு?"

கத்தியைப் பையில் போட்டேன். அப்போதும் பாழாய்ப்போன கண் அந்தப் பூவை விட்டு நகர மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெறுங்கையோடு அனுப்பவும் அவருக்கு மனமில்லை. பின்பக்கம் இருந்த மற்ற எல்லாச் செடிகளிலும் ஒன்று ஒன்று பிடுங்கினார். வரிவரியாய் இலை விடும் குரோட்டன்ஸ், பிகோனியா, வெள்ளை அந்தூரியம், பெயர் தெரியாத ஓர் இஞ்சி வகை. எல்லாவற்றையும் கெக்கில்லாச் செத்தையில் கட்டினார். தேயிலை நாற்றுக்கு நிழலுக்காகக் குத்திவைக்கிற பெரணி அது. பக்கத்து வீட்டார்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு கன்று கொண்டுவந்து தந்தார்கள். காசு என்று வாயெடுத்ததும் வள்ளியம்மை முறைத்தார். வேன் நிற்கிற இடம்வரை மூட்டையைச் சுமந்துவந்து ஏற்றிவிட்டு, "மதினிகிட்ட சொல்லுங்க, தண்ணி ஊத்திட்டுத்தான் இருக்கேன்னு" என்றார்.

திரும்புகிற வழியெல்லாம் நான் அந்த மேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சுனிலுக்கு அது பொறுக்கவில்லை. "அந்தச் செடி குடுத்தா அவங்க நல்ல ஆள் இல்ல மேடம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சிவப்புத் துணி ஒன்று வண்டிக்கு முன்னால் வந்தது. இந்தத் தடவை கொண்டைக்கடலை. எனக்கும் பசித்தது.

நம் ஊர் விமான நிலையத்தில் என் செடிச் சான்றிதழ்களையெல்லாம் பார்த்த அதிகாரி, ஒவ்வொரு வேராகத் தூக்கி மண் இருக்கிறதா என்று பார்த்தார். இஞ்சி வகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். பாக்கி எல்லாம் கோத்தகிரி வந்து சேர்ந்தது. டீச்சர் சொன்னபடியே கொட்டகையும் குளிர்ந்து, சேம்பு வகையில் சில செத்தும் போயின. அது போகட்டும்.

ராசம்மாக்கா மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். வெள்ளை அந்தூரியத்தைத் தள்ளி வைத்தார். "எங்க?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். பாதி கேட்பதற்குள் பொங்கிவிட்டார். "திமிரப் பாத்தீங்களா. எஞ்செடிக்கு நான் கடல் தாண்டி வரணுமாம். அப்பவே தெரியும் எனக்கு, அவ குடுக்க மாட்டாள்னு." சிமெண்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்து பதியன் பைகளில் மண்ணை அடைக்க ஆரம்பித்தார். நான் மீதியையும் சொன்னேன். அம்மிக்கல், ஆட்டுக்குட்டி, மடியில் விழுந்து அழுவது, எல்லாவற்றையும். கை நின்றது.

"கன்னு எத்தன பிரிச்சி வச்சிருக்கா?"

"ஒண்ணுகூடப் பிரிக்கல. நீங்க விட்டது அப்படியே ஒரே புதரா நிக்குது. இன்னும் ரெண்டு மூணு மழைக்காலம் போனா வேர் நெரிஞ்சு செத்துப்போகும்."

"அவ பங்க எடுக்கலையா?"

"எடுக்கல."

ராசம்மாக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு மண் கையைப் புடவையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாஸ்போட்டுக்கு போட்டோ எங்கம்மா புடிப்பாங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஸ்டூடியோ இருக்கு. எத்தனை நாள் லீவு வேணும்? நாலு நாள் போதுமா?"

"நாலு நாளா?" என்றார் ராசம்மாக்கா. "அவளோட சண்ட போடவே நாலு நாளாகும். அதுக்கப்புறம் அழணும். அதுக்கப்புறந்தான் செடியத் தொட முடியும்."